பன்னுக்குள் இழுவை வண்டி

எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தபடி, கத்திவாக்கம் டீக்கடையில் பன் தின்றிருப்பீர்கள். அந்த மாவைப் பொங்க வைத்த ஈஸ்டுக்குள்ளும் இழுவை வண்டிகள் உண்டு. மோட்டார் புரதங்கள் என்று பெயர். அவற்றில் ஒரு ஜோடி கார்3, விக்1. ஈஸ்ட் செல் இரண்டாகப் பிரியும்போது சேர்ந்தே உழைப்பவை. கார்3-க்கு எரிபொருள் ஏடிபி. விக்1-இன் படிக அமைப்பு 2007-இல் வெளியானபோது ஓர் ஆச்சரியம்: அச்சு அசல் மோட்டாரின் வடிவம், ஆனால் ஏடிபி உட்காரும் குழியே இல்லை! அப்படியும் அது நுண்குழல் என்னும் தண்டவாளத்தை இறுகப் பிடித்துக் கூட்டாளிக்குக் கைகொடுக்கிறது. என்ன அழகு!

இத்தகைய புரத வடிவங்கள் சரிதானா என்று உலகமே இன்றும் சோதித்துப் பார்க்கும் வரைபடம், 1963-இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. தந்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன்.