சபையில் வசைமொழியை விலக்க வேண்டுமா?

(இராதாபுரத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பலர் கூடி விவாதிக்கும் சபையில் வசைமொழி பேசலாகாதென்று விதி செய்தல் தகுமா, தகாதா என்பதே இன்று எனக்கு இடப்பட்ட விஷயம். கோபத்தில் வரும் சொல்லுக்கு விதி எதற்கு என்பர் ஒரு சாரார். வாயைக் கட்டினால் உண்மையும் கட்டுண்டு போம் என்பர் மற்றொரு சாரார். விதி வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆயின் அவ்விதி வெறுஞ் சொல்லைத் தண்டிப்பதாக இராமல், சொல்லால் மனிதரை இழிவு செய்தலைத் தடுப்பதாக இருத்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியனார் சொல்லதிகாரத்து எச்சவியலில், அவையிற் சொல்லத் தகாத சொற்களை ‘அவையல் கிளவி’ என்று குறித்து, அவற்றை மறைத்துக் கூறுமாறு விதித்தார். நன்னூலார் இதனை இடக்கரடக்கல் என்றார். அவ்வாறு விதித்த தொல்காப்பியனாரே, வழக்கில் மருவிய சொல்லை மறைக்க வேண்டுவதில்லை என்று விலக்கும் அளித்தார். அன்றியும், செய்யுளியலில் அங்கதத்தை இருவகையாக்கி, வெளிப்படப் பழிப்பது ஒன்று, மறைத்துப் பழிப்பது மற்றொன்று என வகுத்தார். இதனால் விளங்குவது யாதெனில், கெட்ட சொல் ஒன்றேனும் இன்றி ஒருவரை இழிவு செய்தல் கூடும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே. ஆகவே இன்னின்ன சொல் ஆகாதென்று பட்டியல் மாத்திரம் எழுதி வைப்போமாயின், நயமாகப் பேசக் கற்றவன் தப்பித்துக் கொள்வான். பேசத் தெரியாத ஏழை அகப்பட்டுக் கொள்வான்.

நம் சீமைப் பேச்சையே நோக்குங்கள். ஒத்த வயதினர் இருவர் ‘ஏலே’ என்று அழைத்துக் கொள்ளின் அது நட்பு. நரைத்த தலையோடு தோட்டத்தில் நிற்கும் கூலியாளை ஒரு சிறுவன் அவ்வாறு அழைப்பின் அது நிந்தை. சொல் ஒன்றே, சொல்வோரும் கேட்போரும் நிற்கும் நிலையே வேறு.

சட்டமன்றங்களின் நடைமுறையும் இதனை வலியுறுத்தும். நம் அரசியலமைப்பின் 194-ஆம் பிரிவு, சட்டமன்ற உறுப்பினர் அவையிற் பேசியதற்காக நீதிமன்ற நடவடிக்கைக்கு உட்படார் என்று பாதுகாப்பளிக்கின்றது. அத்துணைச் சுதந்திரம் பெற்ற அவையிலும், தகாத சொல்லைக் குறிப்பிலிருந்து நீக்கும் அதிகாரம் அவைத் தலைவருக்கு உண்டு. நம் இராதாபுரம் தொகுதியில் தெரிவு செய்யப்பெற்ற திரு. மு. அப்பாவு அவர்கள் 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் பேரவைத் தலைவரானபோது, அவ்வதிகாரம் இவ்வூர்ப் பிரதிநிதியின் கைக்கே வந்தது. 2022 ஜூலையில் பார்லிமெண்டில் நீக்கத்தக்க சொற்களின் தொகுப்பு வெளியாகிப் பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. அப்போது மக்களவைச் சபாநாயகர் ஓம் பிர்லா அவர்கள், எச்சொல்லும் தடை செய்யப்படவில்லை என்றும், பேசிய சந்தர்ப்பத்தை நோக்கியே நீக்கப்படும் என்றும் விளக்கினார்கள்.

எல்லாவற்றையும் சர்க்கார் சட்டமே பார்த்துக்கொள்ளும் என்று சிலர் வாளாவிருக்கின்றனர். பொதுவிடத்தில் ஆபாசச் சொல் பேசுதல் பழைய தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய நியாய சங்கிதையின் 296-ஆம் பிரிவு அதனிடத்தில் நிற்கின்றது. ஆயினும் வெறும் திட்டும் அவமதிப்பும் மட்டுமே அப்பழைய பிரிவின்கீழ்க் குற்றமாகா என்று 2022-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது நியாயமே, ஒவ்வொரு சுடுசொல்லுக்கும் சிறை திறப்பின் நாட்டிற் சிறைகள் போதா. ஆனால் சட்டம் விட்ட இடத்தைச் சபையின் ஒழுக்கம் நிரப்புதல் வேண்டும்.

சாதிப் பெயரையே வசையாக்கும் கொடுமை வேறு வகையது. பட்டியல் வகுப்பினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையிற் சாதிப் பெயர் சொல்லி இழித்தலை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கின்றது. நமக்கு அண்மையிலுள்ள நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவரும், அவரைக் காக்க வந்த தங்கையும், உடன் பயின்றவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவரைச் சாதி குறித்து ஆசிரியர் அழைத்தலாகாதென்றும் அதிற் கூறியது. பள்ளிப் பிள்ளைகள் இச்சொற்களை எங்கே கற்றனர்? நம் திண்ணைகளிலும், கூட்டங்களிலும் அன்றோ? ஒரு வகுப்பின் பெயரால் கூடிய சங்கத்துக்கு இதிற் பொறுப்பு இருமடங்காகும். நம்மைப் பிறர் இழித்தால் கொதிக்கும் நாம், நம் மேடையிற் பிறரை இழித்தலுக்குக் கைதட்டுதல் எங்ஙனம் தகும்?

விதியால் உண்மை கட்டுண்டு போம் என்னும் ஆட்சேபத்துக்கும் விடை கூறுவேன். “வரவு செலவுக் கணக்குப் பொய்” என்பது வசையன்று, அது குற்றச்சாட்டு. அதைத் தடுக்க எந்த விதிக்கும் அதிகாரம் இருத்தலாகாது. கணக்குக் கேட்டவனின் தாயையும் குலத்தையும் இழுத்துப் பேசுதலே வசை. அது கேள்வியை அடக்கும் உபாயமேயன்றி வேறன்று. இத்தகைய பேச்சுக்கு அஞ்சியே தாய்மார் பலர் கூட்டத்துக்கு வாராதிருக்கின்றனர். ஆகவே வசையைத் தடுத்தல் பேச்சைக் குறைப்பதன்று. பேசுவோர் தொகையைப் பெருக்குவதாம்.

எனவே நம் சங்கத்துக்கு நான்கு விதிகளைப் பணிவுடன் யோசனையாகச் சொல்கின்றேன். பிறப்பு, பெண்மை, உடற்குறை, தொழில் இவற்றைச் சுட்டி எவரையும் இழித்தலாகாது. மீறியவரை முதலில் எச்சரித்து, சொல்லைத் திரும்பப் பெறச் செய்து, அதற்கும் இணங்காராயின் அன்றைய பேச்சை நிறுத்தவேண்டும். வழக்கிலுள்ள நாட்டுப்புறச் சொல்லுக்காக எவரையும் தண்டித்தலாகாது. நான்காவதே முதன்மையானது: இவ்விதி தலைவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒன்றாதல் வேண்டும். பெரியவர் திட்டினால் அதற்குக் கோபம் என்றும், இளைஞர் திட்டினால் மரியாதையின்மை என்றும் பெயரிடும் சபையில் விதி எழுதுவது வீண்.

இவற்றை அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொணர்ந்து, குறைகண்டு திருத்தி, நிறைவேற்றி வைக்குமாறு தங்களை வேண்டிக்கொள்கின்றேன்.