வீட்டுத் தோட்டத்தில் வெயிலும் நிழலும்
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



பசளையைப் பற்றி என்னிடம் கேட்பவர் பலர். பூச்சி மருந்தைப் பற்றிக் கேட்பவர் அதனினும் பலர். தம் வளவில் எந்த மாதத்தில் எங்கே வெயில் விழுகின்றது என்று கேட்டவர் இதுவரை ஒருவருமிலர். காசு கொடுத்து வாங்காத பொருளாகையால் அதனைக் கணக்கில் எடுப்பதில்லை போலும். ஆயினும் பயிரின் இலை தன் உணவை ஆக்குவது வெயிலைக் கொண்டேயாகும். வெயில் குறைந்த இடத்தில் எவ்வளவு எருவிட்டாலும் இலை பெருகுமேயன்றிக் காய் பெருகாது.

இதனை நான் ஏட்டில் மட்டும் படித்தவனல்லன், பிழைவிட்டும் படித்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூன் மாதத்தில், வயது முதிர்ந்த ஒரு தம்பதியர் தம் வளவில் மரக்கறிப் பாத்தி அமைக்க இடம் காட்டும்படி என்னை அழைத்தனர். அயல் வளவிலே, தெற்கு எல்லையோரமாக, 30 அடி உயரமான மாமரம் ஒன்று நின்றது. அதற்கு வடக்கே இருந்த நிலம் நல்ல வெயிலில் கிடந்தது. கிணறும் அருகில் இருந்தது. அந்த இடத்தையே நான் காட்டினேன். அவர்கள் ஐப்பசியில் கத்தரியும் தக்காளியும் நட்டனர். மார்கழியிலே செடிகள் நெடுத்து மெலிந்து நின்றன. பூத்த பூவும் உதிர்ந்தது. மண்ணிற் குறையென்று எண்ணிக் கடனுக்கு யூரியா வாங்கி இட்டனர். அதற்கு நானும் உடன்பட்டேன். இலை இன்னும் பச்சையாயிற்று, காய் வரவில்லை.

பின்னர் ஒருநாள் மதிய வேளையில் அங்கே சென்றபோதே உண்மை விளங்கிற்று. மாமரத்தின் நிழல் பாத்தி முழுவதையும் மூடிக் கிடந்தது. அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "தம்பி, நீங்கள் கோடையில் வந்து பார்த்தீர்கள்; நாங்கள் மாரியிலல்லவா நட்டோம்" என்று மாத்திரம் சொன்னார். அந்தப் போகத்தின் செலவும் உழைப்பும் வீணாயின. அயலவரோ அவர்களுடன் பேச்சுவார்த்தை இல்லாதவர். மரத்தைத் தறிக்கும்படி கேட்டிருந்தால் வழக்கிலே முடிந்திருக்கும்.

ஏன் அவ்வாறு ஆயிற்று? நமது யாழ்ப்பாணக் குடாநாடு பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகை 40 கலையில் உள்ளது. சித்திரை பிறக்கும் நாட்களில் மதியச் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். அதன்பின் வடக்கே சாயத் தொடங்கி, யூன் 21ஆந் தேதியளவில் மிக வடக்கே சென்று, மீண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் மறுபடியும் உச்சிக்கு வரும். அங்கிருந்து தெற்கே சாய்ந்து, டிசெம்பர் 22ஆந் தேதியளவில் மிகத் தெற்கே நிற்கும். வடக்கே சாய்வது சிறிது. தெற்கே சாய்வது பெரிது. நாம் மறந்துவிடுவது இதனையே.

மூன்றடி உயரமான கம்பொன்றை நேராக நட்டுப் பார்த்தால் எவரும் இதனை அறியலாம். டிசெம்பர் பிற்பகுதியில், மதியம் 12 மணி கடந்த சில நிமிடங்களில், அதன் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 2 அடி விழும். யூன் பிற்பகுதியில் அதே கம்பின் நிழல் தெற்கு நோக்கி 9 அங்குலமளவே இருக்கும். ஏப்பிரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆகவே 30 அடி மாமரம் மார்கழி மதியத்தில் 20 அடி வரை வடக்கே நிழல் எறியும். யூனிலோ தெற்கே 7 அடிதான். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும். டிசெம்பரில் காலை 9 மணியளவில் அது மரத்தின் உயரத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காய் வடமேற்கே கிடக்கும். இத்துடன் மாரி முகிலும் சேருமாகையால் அக்காலத்தில் கிடைக்கும் சிறிது வெயிலையும் இழத்தல் தகாது.

இதிலிருந்து சில காரியங்கள் தெளிவாகின்றன. பெரும்போகத்து மரக்கறிப் பாத்திக்குத் தெற்குப் பக்கம் திறந்திருத்தல் வேண்டும். பாகல், புடோல், பயிற்றை முதலியவற்றின் பந்தலைப் பாத்திகளின் வடக்கு ஓரத்தில் அமைத்தால் அதன் நிழல் வெளியே விழும். தெற்கில் அமைத்தால் உங்கள் பந்தலே உங்கள் கத்தரிக்குப் பகையாகும். கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி ஆகிய காய்ப் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை வகைகள் அதிற் பாதியைக் கொண்டும் பிழைக்கும். நிழல் நீங்காத இடத்தில் வல்லாரை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை வைக்கலாம். நான் சொன்ன தம்பதியரின் பாத்தியும் இப்பொழுது வல்லாரையும் இஞ்சியுமாகவே இருக்கின்றது. கத்தரி கிணற்றின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

கிளுவை, பூவரசு வேலியுள்ளோர் பாக்கியவான்கள். புரட்டாதியில், மழைக்கு முன், அவற்றின் கொப்புகளை வெட்டினால் மாரி முழுவதும் வெளிச்சம் கிடைக்கும். வெட்டிய குழை பாத்திக்குப் பசளையாகும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு முன் வேலி மறுபடியும் தழைத்துவிடும். அக்காலத்தில் நிழல் பகையன்று. பிற்பகல் வெயில் தக்காளிப் பழத்தின் தோலைப் பொசுக்கி வெண்மையாக்கும், பூவையும் உதிர்க்கும். மேற்குப் பக்கத்தில் ஒரு முருங்கை நின்றால் அதன் மெல்லிய நிழல் போதுமானது. ஆனால் முருங்கைக் கொப்பு எளிதில் முறிவதாகையால் சோளகக் காற்றுக்கு முன் நீண்ட கொப்புகளைக் குறைத்துவிடுக.

நாற்று மேடைக்குக் கிடுகுப் பந்தல் போடுவது நல்ல வழக்கமே. ஆயினும் முளைத்த பின்னும் அதனை எடாமல் விடுவோர் உளர். மழை நாட்களில் அவ்வாறு விட்டால் ஈரம் தங்கி நாற்று அடியழுகிச் சாயும். முதலில் காலையில் மட்டும் திறந்து, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் முற்றாக எடுத்துவிடுதல் வேண்டும்.

மரத்தடியிற் பயிர் வாடினால் எல்லாம் நிழலின் குற்றமென்று கொள்ளலாகாது. தண்டு நெடுத்து, இலை அகன்று மெலிந்து, செடி வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்தால் அது நிழல். செடி குட்டையாய் நின்று, தண்ணீர் விட்ட மறுநாளே வாடினால் அது மரத்தின் வேர். அதற்கு வேலிக்கும் பாத்திக்கும் இடையே ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி வேர்களை அறுத்துவிடலாம். பூவரசின் வேர் மீண்டும் வரும், ஆண்டுதோறும் வெட்டவேண்டும்.

பகலின் நீளமும் சில பயிர்களுக்குக் கணக்கு. நம் பகுதியில் டிசெம்பரில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி. யூனில் பன்னிரண்டே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணிக்குச் சிறிது கூடிய இவ்வித்தியாசத்தையும் சிறகவரை அறியும். பகல் குறுகும் காலத்திலேயே அது பூக்கும். சித்திரையில் விதை ஊன்றி ஆடியில் காய் தேடுவோர் கொடியையும் இலையையுமே காண்பர். விதையைப் பழிப்பதிற் பயனில்லை.

வயலைப்பற்றி ஒரு சொல். வரம்போரத்து மர நிழலில் நெல் குறைவாகக் கிளைத்துப் பதராவதை நீங்கள் என்னினும் நன்கறிவீர்கள். பனை மரத்தால் அவ்வளவு தீங்கில்லை. பரந்த கொப்புள்ள மரங்களே கவனிக்கத்தக்கவை.

இக்காலத்தில் வேலியை எடுத்து மதில் கட்டுவோர் பெருகிவிட்டனர். மதிலின் கொப்பை வெட்ட இயலாது. தெற்கு எல்லையில் 6 அடி மதில் மார்கழி மதியத்தில் உள்ளே 4 அடி அகலத்துக்கு நிழல் எறியும். அந்த நான்கடியில் காய்ப் பயிர் வைக்காதீர்கள். வடக்கு மதிலின் உட்புறமோ மாரியில் நல்ல வெயிலிடம். ஆனால் மதிற் சூடு இளஞ்செடியைக் காய்ச்சக்கூடும். அரையடி தள்ளி நடுதல் நன்று. மதில் கட்ட எண்ணியிருப்போர் அத்திவாரம் வெட்டுமுன் அவ்விடத்தில் 6 அடிக் கம்பு இரண்டை நட்டு, அவற்றின் தலைகளை ஒரு கயிற்றால் இணைத்து, மார்கழியில் ஒரு மதியமும் ஆனியில் ஒரு மதியமும் அக்கயிற்றின் நிழல் விழும் இடத்தில் முளையடித்து வையுங்கள். பாத்தியை அதன் பிறகு பிடிக்கலாம்.