புல்லுருவி அன்று



அஸ்ஸாமில் நம் குடியிருப்பின் மாமரத்தில் பற்றி வளர்ந்த செடியொன்றைப் புல்லுருவியெனக் கருதி நாமே பிடுங்கி எறிந்தோம். அது கபௌ என்னும் ஆர்க்கிட், இம்மாநிலத்தின் மலர். பீஹு விழாவில் மங்கையர் கூந்தலில் சூடுவது.

இனியேனும் அடையாளம் அறிவோம். இலை வார்போல் நீண்டு தடித்து, நடுவே குழிந்திருக்கும். நுனி சமமின்றி இரண்டாகப் பிளந்திருக்கும். ஆயினும் ஏரிடிஸ் இனத்தின் இலையும் ஏறக்குறைய இவ்வாறே. பூத்தபின் ஐயம் தீரும். கபௌவின் பூங்கொத்து நரிவால்போல் தொங்கும். வெண்ணிறத்தில் ஊதாப் புள்ளிகள். பூவின் தேன்பை பின்னோக்கியிருக்கும். ஏரிடிஸிலோ முன்னோக்கி வளைந்திருக்கும்.

வேர் பட்டையைப் பற்றுமேயன்றி மரத்தின் சாற்றை உறிஞ்சாது. மழையும் பனியும் தரும் ஈரத்தையே பருகும். பிறிதொரு மரத்தில் வாழ்ந்தும் அதற்கு அணியாவது அச்செடி. வந்த ஊரில் வாழும் நாம் அதனை இனிக் காப்போமாக!