புற்றுநோய் வைத்தியமும் இருதயமும்



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் புற்றுநோயைப் பற்றியதாகும். ஆனால் நாம் அந்நோயைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அதற்கு வைத்தியம் செய்து கொண்டு பிழைத்தவர்களுடைய இருதயத்தைப் பற்றியே பேசப் போகிறோம். ஏனென்றால், புற்று வந்தால் சாவுதான் என்றிருந்த காலம் மாறி, இன்று அநேகர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பியவர்களில் சிலருக்கு, பிழைக்க வைத்த அதே மருந்தினாலேயே இருதயம் பழுதாகி விடுகிறது. நாம் டாக்டர் அல்ல; பள்ளிக்கூடத்தில் எட்டாவதுக்கு மேல் போனவரும் அல்ல. படித்தும், டாக்டர் நண்பர்களைத் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லுகிறோம்.

நம் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். மார்பில் புற்று கண்டு, அறுத்து, மருந்தும் ஏற்றி, நோய் தீர்ந்தது. உதிர்ந்த மயிரும் முளைத்தது. வீட்டார் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். நாலைந்து மாதம் சென்றதும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று; கால் வீங்கிற்று; இராத்திரியில் மல்லாந்து படுக்க முடியாமல் தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து கொண்டிருந்தார். ஏதோ வேண்டுதல் பாக்கி நிற்கிறது என்றார் மாமியார். புற்றுதான் திரும்பி விட்டது என்று பயந்து கணவர் வாயே திறக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் இரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார். வேண்டுதலைக் கேலி செய்த பகுத்தறிவுக்காரராகிய நாம் என்ன செய்தோம் தெரியுமா? "ஆட்டு ஈரல் சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள்" என்றோம்! காரணம் தெரியாமல் பொங்கல் வைப்பதற்கும், காரணம் தெரியாமல் ஈரல் சாப்பிடச் சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்? நாமும் அன்று பூசாரி வேலைதான் பார்த்தோம். வைத்தியம் செய்த ஆஸ்பத்திரியிலோ இருதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியனுப்பவில்லை. இப்படியே எட்டு மாதம் போன பிறகு ஒரு டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு அறுபது பங்கு இரத்தத்தைத் தள்ள வேண்டிய இருதயம் முப்பதுதான் தள்ளிக் கொண்டிருந்தது.

இதற்குக் காரணமான மருந்துக்கு டாக்சோரூபிசின் என்று பெயர். மருந்து ஏற்றிக் கொண்டவர்களிடம் கேளுங்கள், "சிவப்பு மருந்து" என்பார்கள். இதன் கதை வேடிக்கையானது. இத்தாலி தேசத்தின் தென்பாகத்தில் காஸ்டல் டெல் மோன்டே என்னும் பழங்கோட்டைப் பக்கத்து மண்ணை 1950களில் எடுத்துப் பரிசோதித்தார்கள். அம்மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிர் சிவப்புச் சாயம் ஒன்றை உண்டாக்கிற்று. அச்சாயம் புற்றைக் கொல்லுகிறது என்று கண்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த மருந்து. பக்கத்திலிருக்கும் ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் அழைத்தார்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் அது புற்றின் அணுவோடு நிற்காமல் இருதயத்தின் தசையையும் கெடுக்கிறது.

அமெரிக்காவில் இம்மருந்து சாப்பிட்ட சுமார் 4,000 பேருடைய குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்து 1979இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். சாப்பிட்ட என்றா சொன்னோம்? ஏற்றிக் கொண்ட என்று திருத்திக் கொள்ளுங்கள். இது நரம்பில் ஏற்றும் மருந்து. உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 400 மில்லிகிராம் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இருதயம் தளர்ந்தது. 550 ஏற்றியவர்களில் 7 பேர். 700 ஏற்றியவர்களில் 18 பேர். 2003இல் வேறு கூட்டத்தாரைக் கணக்கெடுத்ததில் 550க்கு 26 பேர் என்று வந்தது. தோழர்களே, யோசித்துப் பாருங்கள்! தலையெழுத்தால் வருகிற வியாதியானால் அது மில்லிகிராம் கணக்குப் பார்த்துக் கொண்டா வரும்?

வேறு மருந்துகளும் உண்டு. மார்புப் புற்றில் ஒருவகைக்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து கொடுக்கிறார்கள். முதலாவது சொன்ன சிவப்பு மருந்தின் வகையோடு சேர்த்து இதைக் கொடுத்தபோது நூற்றுக்கு 27 பேருக்கு இருதயக் கோளாறு கண்டதாக 2001இல் அறிவித்தார்கள். இதைச் சேர்க்காதவர்களில் 8 பேர்தான். இதில் ஒரு ஆறுதல், மருந்தை நிறுத்தி வைத்துக் கவனித்தால் பெரும்பாலோருக்கு இருதயம் தேறி விடுகிறது. கதிர் வைத்தியமும் அப்படியே. இருதயத்தின் மேல் படுகிற கதிர் ஒரு கிரே கூடினால், மாரடைப்பு முதலிய பெரிய கோளாறுகள் நூற்றுக்கு 7.4 வீதம் கூடுகின்றன என்று சுவீடன், டென்மார்க் பெண்களின் குறிப்புகளிலிருந்து 2013இல் கண்டார்கள். இடது மார்பில் கதிர் வைக்கும்போது மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்லுகிறார்களே, ஏன்? நுரையீரல் விரிந்து இருதயம் விலகி நிற்கிறது. கதிர் குறைவாகப் படுகிறது. மூச்சை இழுத்துப் பிடித்தால் மாறுகிற விதியும் ஒரு விதியா?

இனி எக்கோவுக்கு வருவோம். 1953இல் சுவீடனில் லுண்ட் என்னும் ஊரில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், கப்பல் கட்டும் துறையிலிருந்து ஒரு யந்திரத்தை இரவல் வாங்கி வந்தார்கள். உலோகத்தினுள்ளே பழுதிருக்கிறதா என்று காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிப் பார்க்கிற யந்திரம் அது. அதை மனிதன் மார்பில் வைத்தார்கள். இருதயச் சுவரின் அசைவு தெரிந்தது. அதன் சந்ததிதான் இன்றைய எக்கோ. ஊசியில்லை, கதிர் இல்லை, வலியில்லை. அரைமணி, ஒருமணி நேரத்தில் முடிகிறது. இருதயத்தில் நிரம்பிய இரத்தம் 100 பங்கென்றால் ஒரு துடிப்பில் எத்தனை பங்கு வெளியேறுகிறது என்று அது சொல்லும். அந்த எண் முன்னிருந்ததைவிட 10 குறைந்து 50க்குக் கீழே போனால் ஆபத்தென்று வைத்தியர்கள் கொள்ளுகிறார்கள். அவ்வெண் குறையுமுன்பே தசையின் சுருக்கம் தளர்வதைக் கண்டுபிடிக்கும் நுட்பமும் வந்துவிட்டது. அதற்கு ஸ்ட்ரெயின் என்று பெயர்.

முன்னதாகக் கண்டு என்ன பயன் என்பீர்கள். மிலான் நகரத்துப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இருதயம் தளர்ந்த 201 பேருக்கு, விலை அதிகமில்லாத பழைய இருதய மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்து 2010இல் எழுதினார்கள். புற்று மருந்து முடிந்து இரண்டு மாதத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறினார்கள். ஆறு மாதம் கழித்து ஆரம்பித்தவர்களில் பூரணமாய்த் தேறியவர் ஒருவருமில்லை. நம் தெரு அம்மாளுக்குப் போனது எட்டு மாதம். அதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு அந்த ஈரல் ஞாபகம் வருகிறது.

ஆகவேதான் 2022இல் ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கத்தார், சிவப்பு மருந்து ஏற்றுமுன் எல்லோருக்கும் ஒரு எக்கோ, முடிந்து ஒரு வருஷத்துக்குள் இன்னொன்று என்றும், டிராஸ்டுசுமாப் ஏற்றுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கொரு முறை என்றும் எழுதி வைத்தார்கள். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, பழைய இருதய வியாதி, அதிக வயது உள்ளவர்களுக்கு இடையிலும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்லுகிறோம். இங்கிருந்து போய் யாராவது, "அந்த மருந்து இருதயத்தைக் கெடுக்குமாம், வேண்டாம்" என்று ஒரு நோயாளியைத் தடுப்பீர்களானால், நாம் இன்று பேசியதே குற்றமாகும். மருந்தை விட்டால் புற்று கொல்லும். சாம்பலும் வேரும் விற்கிறவன் அதற்காகவே வாசலில் காத்திருக்கிறான். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் புற்று டாக்டரும் இருதய டாக்டரும் கலந்து செய்ய வேண்டிய காரியம். "எக்கோ எடுத்தாயிற்றா, எண் என்ன?" என்று கேட்பதுதான் நம்முடைய காரியம். கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று பயப்படுகிறார்கள். கோபிக்கட்டும், கேள்வி கேட்கக்கூடாத இடம் என்று கோயிலையே நாம் ஒப்புக் கொள்ளாதபோது ஆஸ்பத்திரியை எப்படி ஒப்புக் கொள்ளுவது?

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "ஒருமுறை எடுத்து நன்றாயிருக்கிறது என்று சொல்லி விட்டால் போதாதா?" போதாது. இரண்டு எண்ணையும் ஒப்பிட்டால்தான் குறைந்ததா என்று தெரியும். ஆளும் யந்திரமும் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். ஆகையால் கூடுமானவரை ஒரே இடத்தில் எடுங்கள். படம் தெளிவில்லையென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுவார்கள். முதல் எக்கோச் சீட்டைப் பலசரக்குச் சீட்டோடு சேர்த்துத் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த அம்மாளைப் பற்றி இன்னொரு சீட்டு. உயிரோடிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கடைசியாக எடுத்தபோது எண் 42. மாடிக்குத் தண்ணீர்க்குடம் தூக்குவதில்லை. தம் பெயரைச் சொல்லாமல் கதையை மட்டும் சொல்லும்படி அவர்தான் சொல்லியனுப்பினார். மற்றச் சீட்டுகளுக்கு டாக்டர் தோழர் பதில் சொல்லுவார்.