செல்போன் இல்லாதவருக்கு பஸ் இல்லையா?

(சென்னையில் ஆலைத் தொழிலாளர்களும், சுற்றுப்புறக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச வந்திருப்பது பஸ் டிக்கெட்டைப் பற்றி. கூலியையும் போனஸையும் பேச வேண்டிய மேடையில் இதென்ன சில்லறை விஷயம் என்று சிலர் நினைக்கலாம். சில்லறை விஷயம்தான். அந்தச் சில்லறையையே வாங்க மாட்டோம் என்று சொல்லும் காலம் வந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் பேசுகிறேன்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் நடவு வேலை செய்யும் ஒரு தாயார், நோயாளிக் கணவரைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். ரயில் நிலையத்தில் ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்திருந்தது. வரிசையோ வாசல்வரை. செல்போனில் டிக்கெட் எடுத்தவர்கள் நேரே உள்ளே போனார்கள். இவர் கையில் இருந்தது பட்டன் போன். இரண்டு ரயில்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஓ.பி. சீட்டு கொடுத்து முடித்துவிட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. நோயாளியின் அலைச்சல் வேறு. இந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

யந்திரம் நமக்கு விரோதியல்ல, தோழர்களே! யந்திரத்தோடு பிறந்து வளர்ந்த வர்க்கம் நாம். 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்று' என்ற செயலியைத் தொடங்கினார்கள். பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட். நல்ல ஏற்பாடு, வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸும் தண்டவாளமும் யார் பணத்தில் வந்தவை? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற ஜனங்களின் பணத்தில் வந்தவை. அந்த ஜனங்களில் ஒரு பகுதியை வாசலில் நிறுத்திவைக்க யாருக்கு உரிமை உண்டு?

மெட்ரோவைப் பாருங்கள். செல்போன் டிக்கெட்டுக்கும் பிரயாண அட்டைக்கும் 20 சதவீதம் கழிவு. ரொக்கம் கொடுத்து ஒரு தடவைக்கு டிக்கெட் எடுப்பவருக்குக் கழிவு கிடையாது. ஒரே பெட்டி, ஒரே தூரம். ஒருவர் 32 ரூபாய் கொடுக்கிறார், பக்கத்தில் நிற்பவர் 40 ரூபாய் கொடுக்கிறார். அந்த 40 ரூபாய்க்காரர் யார்? கிராமத்திலிருந்து வந்தவர், வயோதிகர், எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர். இல்லாதவனிடம் கூடுதலாக வாங்கும் இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார்கள்?

சைக்கிளுக்கு வருவோம். பல நகரங்களில் தெருவோரம் வரிசையாகப் பொதுச் சைக்கிள்கள் நிற்கின்றன. செல்போனைக் காட்டினால்தான் பூட்டுத் திறக்கும். இதற்கு வேறு வழியே இல்லையா? நம் ஊர் வாடகை சைக்கிள் கடையை நினைத்துப் பாருங்கள்! மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கடைக்காரர் நோட்டில் பேரையும் நேரத்தையும் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான். அந்தச் சைக்கிளில்தானே நம்மில் பாதிப் பேர் குரங்குப் பெடல் போட்டுப் பழகினோம்!

வெளிநாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1995-ல் பொதுச் சைக்கிள்களை வைத்தார்கள். பூட்டில் 20 குரோனர் நாணயத்தைப் போட்டால் சைக்கிள் கிடைக்கும். திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் நாணயம் கையில் விழும். 2012 வரை அது நடந்தது. சீனாவில் ஹாங்சௌ நகரப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் 2008-ல் தொடங்கிய திட்டத்தில், அட்டையைத் தொட்டுக் காட்டினால் சைக்கிள்; முதல் ஒரு மணி நேரத்துக்கு வாடகையே இல்லை. ஆகவே, செல்போன் இல்லாமல் முடியாது என்பது பொய். முடியும், செய்ய மனம் வேண்டும்.

சரி, இன்றைக்கு நாம் என்ன செய்வது?

பஸ்ஸில் ரொக்கம் கொடுத்துக் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கத் தயங்காதீர்கள். சாதாரண பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. அதற்குச் செல்போன் தேவையில்லை. தினமும் போகிறவர்கள் பஸ் நிலையக் கவுன்ட்டரில் மாதப் பாஸ் வாங்கலாம். ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் தினம் வரிசையில் நிற்க வேண்டாம். டிக்கெட் யந்திரத்தின் அருகே உதவியாளர் இருந்தால் காசைக் கொடுத்து அவரிடமே டிக்கெட் கேளுங்கள். மெட்ரோ நிலையத்தில் 'சிங்காரச் சென்னை' அட்டை கேட்டு வாங்கி, கவுன்ட்டரில் ரொக்கம் கட்டிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். அதே அட்டை மாநகர பஸ்ஸிலும் செல்லும். மெட்ரோவில் கழிவும் கிடைக்கும். வெளியூர் உறவினர் வந்தால் பஸ் நம்பரையும் இறங்குமிடத்தையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். சார்ஜ் தீராத சாதனம் அது!

இவை தற்காப்பு. தற்காப்பு மட்டும் போதாது. நமது கோரிக்கைகள் இவை: ரயில் ஓடும் நேரமெல்லாம் ஆளுள்ள கவுன்ட்டர் இருக்க வேண்டும். ரொக்கத்துக்கும் செல்போனுக்கும் ஒரே கட்டணம் வேண்டும். பஸ் நிறுத்தந்தோறும் நம்பரும் வழித்தடமும் நேரமும் பெரிய தமிழ் எழுத்தில் பலகையில் இருக்க வேண்டும். பொதுச் சைக்கிளை அட்டையாலும் காசாலும் திறக்க வழி வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். மூடப்படும் கவுன்ட்டர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு தொழிலாளியின் நாற்காலி இருந்தது. வரிசையில் நிற்கும் நமக்கும் அந்த நாற்காலியில் இருப்பவருக்கும் சண்டை மூட்டிவிடப் பார்ப்பார்கள்; ஏமாந்துவிடாதீர்கள். போக்குவரத்துத் தொழிலாளியும் பிரயாணியும் சேர்ந்து கையெழுத்துத் திரட்டுவோம். டிப்போ மேனேஜர் முதல் மந்திரி வரை கொண்டுபோய்க் கொடுப்போம்.

அந்தத் தாயார் அடுத்த முறை வரும்போது, கையில் காசு இருந்தால் போதும், ரயில் ஏறலாம் என்ற நிலையை உண்டாக்குவோம்!

உழைப்பாளி மக்கள் ஒற்றுமை ஓங்குக!