திரும்பி வரும் பையனுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தவணை பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று, தவறு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி வரும் பையனைப் பற்றிப் பேசுவோம்.

படிப்பை விட்டுவிட்டு பள்ளிபாளையம் விசைத்தறிக்கோ, நாமக்கல் லாரிப் பட்டறைக்கோ பையன்கள் போவது நமக்குத் தெரியாததா? கையில் கொஞ்சம் காசு, கூடவே நாலு பெரிய பசங்க. ஒருநாள் செல்போன் திருட்டு, பைக் திருட்டு என்று ஒருவன் பிடிபடுகிறான். "இவனை ஊருக்குள்ள விடாதீங்க" என்று முதலில் சொல்வது பல நேரம் நாம்தான்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவிலேயே முதலில், 1920-இல், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம். இப்போது இருப்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும்.

தவறு உறுதியானால், 18-ஆம் பிரிவின்படி குழுமம் புத்தி சொல்லி அனுப்பலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், சமுதாய சேவை செய்யவும் சொல்லலாம். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இந்தச் சேவை. பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, ஆஸ்பத்திரியில் உதவி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உதவி என்று 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. குழுமம் குறிப்பிடும் ஒரு நிறுவனமோ, நபரோ, நபர்கள் அடங்கிய குழுவோ இதை மேற்பார்வை செய்யலாம். நமக்கு இடம் அங்கேதான் இருக்குதுங்க.

"நம்ம பிள்ளைகளைக் காப்பாத்தறதே பெரும்பாடு, அடுத்தவன் பிள்ளை எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொருளைப் பறிகொடுத்தவருக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். ஆனால் நாம் விரட்டிவிட்டால் அவனைக் கைநீட்டிச் சேர்த்துக்கொள்வது யார்? முன்னே கெடுத்த அதே கூட்டம்தான்.

இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்:

- நாமாக யாரையும் பிடித்து வேலை வாங்கக் கூடாது. குழுமத்தின் உத்தரவு வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, நன்னடத்தை அலுவலர் வழியாகத்தான் போக வேண்டும்.
- சேவை என்பது அவமானப்படுத்துவது அல்ல. சாக்கடை அள்ளவைத்து ஊரே வேடிக்கை பார்த்தால் அது தண்டனை.
- படிப்பு நேரத்தில் வேலை கொடுக்கக் கூடாது. நம்மில் இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும்.
- பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. 74-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தைரியமும் சொல்கிறோம். 24-ஆம் பிரிவின்படி, சிறுவயதில் செய்த தவறு அவன் எதிர்காலத்துக்குத் தகுதிக் குறைவாக நிற்காது. 16 வயதைத் தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. சட்டமே மறக்கத் தயாராக இருக்கும்போது, நாம் மட்டும் தெருவில் "திருடன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கலாமா?

சேவைக்குக் குறித்த நாட்கள் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நம் வேலை பெரிசு. "சாப்பிட்டியா கண்ணு, பள்ளிக்கூடம் போனியா?" என்று கேட்க ஒரு அக்காவோ அத்தையோ இருந்தால் அவன் வழி மாறும்.

ஆகவே, அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் விருப்பமுள்ள இரண்டு உறுப்பினர்களின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். பட்டியலைக் கூட்டமைப்பு பாதுகாப்பு அலகில் கொடுக்கும். ஆபத்தில் இருக்கும் குழந்தை எதுவானாலும் 1098-க்குக் கூப்பிடுங்கள்.