பச்சை கேட் அக்காவின் பாக்கி



பெங்களூர் அல்சூரில், சோமேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் பால் வாங்கும் கடை இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி இடம். அரிசி மூட்டை, முட்டை அட்டை, பிஸ்கட் பாட்டில்கள், சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட். கல்லாவுக்கு மேலே கன்னடத்தில் ஓர் அட்டை: 'இந்து நகது, நாளெ சால.' இன்று ரொக்கம், நாளை கடன் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளில் இந்த ஊரில் ஒரு பேய்க்கதை உலவியது. ராத்திரியில் ஒரு பேய், தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டுமாம். அதை ஏமாற்ற வீட்டுக் கதவுகளில் 'நாளெ பா', அதாவது நாளைக்கு வா என்று எழுதிவைத்தார்கள். பேய் படித்துவிட்டுப் போய்விடும். மறுநாள் வந்தாலும் அதே எழுத்துதான். கடை அட்டையும் அதே தந்திரம்தான். ஆனால் பேய் படித்துவிட்டுத் திரும்பிப் போனது, வாடிக்கைக்காரர்கள் போவதில்லை. அட்டைக்கு நேர் கீழே நின்றுகொண்டே, "லெக்கத்துல எழுதிக்கோங்க அண்ணா" என்பார்கள். அண்ணாவும் எழுதிக்கொள்வார்.

எழுதுவது ஒரு நீள நோட்டில். மூலைகள் சுருண்டிருக்கும், அட்டையில் எண்ணெய்க் கறை, சணலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. வீட்டுக்கு ஒரு பக்கம். தலைப்பில் இருப்பவை பெயர்களே அல்ல. 'மூணாம் மாடி டீச்சர்', 'தையல் பாய்', 'கண்ணாடி போட்ட ஆட்டோ', 'பச்சை கேட் அக்கா'. அந்த அக்காவின் பெயர் வெகுகாலம் கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தேவையும் வந்ததில்லை.

நோட்டுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை. அதற்குப் பக்கத்தில் பணம் விழுந்ததும் தொகையைக் கூவுகிற சவுண்ட் பாக்ஸ். போன்பே பெட்டியானால் நடிகர் கிச்ச சுதீப் குரலில்கூடக் கன்னடத்தில் கூவும்.

ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். பச்சை கேட் அக்காவின் பாக்கி 1,340 ரூபாய். அவர் மகன் வந்தான். 60 ரூபாய்க்குப் பாலும் பிரெட்டும் வாங்கினான். அம்மா சொல்லியனுப்பிய ஆயிரத்தையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினான். பெட்டி 1,060 என்று கூவியது. கடையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். கடைக்காரர் தலையாட்டினார், பையன் போய்விட்டான். ஒரு வாரம் கழித்து அக்கா வந்தபோது நோட்டில் 1,340 அப்படியே இருந்தது. "ஆயிரம் குடுத்துவிட்டேனே அண்ணா" என்றார் அக்கா. கடைக்காரர் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்.

என்ன பெயரைப் போட்டுத் தேடுவது? அக்காவின் பெயர் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை, பணம் வந்தது மகனின் கணக்கிலிருந்து. திரையில் இருந்ததோ வங்கியில் பதிந்த, இனிஷியலும் வீட்டுப் பெயருமாக நீண்ட ஒரு பெயர். அந்த நாளில் மட்டும் நூற்றுச் சொச்சம் வரவுகள். கடைசியில் 1,060 என்ற அந்தச் சில்லறைத் தொகைதான் காட்டிக்கொடுத்தது. வெறும் ஆயிரமாக இருந்திருந்தால் சிக்கியிருக்காது; அதே நாளில் இன்னும் நான்கு ஆயிரங்கள் இருந்தன.

நம் பழைய வியாபாரிகள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார், அன்றன்று நடந்ததை நாள்வாரியாக ஓர் ஏட்டில் குறிப்பார்கள். பிறகு அதை ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கு போடுவது. இந்தக் கண்ணோடு நம் சந்துக் கடையைப் பாருங்கள். போனில் இருப்பது நாள் கணக்கு: எந்த நிமிடம் எவ்வளவு வந்தது என்று துல்லியமாகச் சொல்லும். நீள நோட்டில் இருப்பது பேரேடு: யார் எவ்வளவு தரவேண்டும் என்று சொல்லும். இல்லாதது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றும் வேலை. அதைச் செய்ய அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை இருந்தார். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று அந்த வேலையையே மறந்துவிட்டோம்.

ரொக்கம் மட்டும் இருந்த காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. அக்கா ஆயிரம் ரூபாயை நீட்டினால், பணம் ஒரு கையில், பேனா மறு கையில். கண்முன்னே கழித்து எழுதியாகிவிடும். 2016இல் யுபிஐ வந்தது. அதே ஆண்டு நவம்பர் 8இல் பணமதிப்பு நீக்கம். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ வழியாகப் பணம் வாங்குவதற்குக் கடைக்காரர் கட்டணம் தரவேண்டியதில்லை என்றானது. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் 2,000 கோடி முறை யுபிஐயில் பணம் கைமாறியது. இப்போது பணம் கொடுப்பவர் கடைக்கு வரவேண்டும் என்றுகூட இல்லை. அலுவலக பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போன மாத பாக்கியை அனுப்பிவிடலாம். பெட்டி கூவும், ஆனால் யாருக்காக, எதற்காக என்று சொல்லாது.

இதற்கென்றே செயலிகளும் வந்தன, அதுவும் இந்த ஊரிலிருந்தே. 2017இல் ஓகேகிரெடிட், அடுத்துக் காதாபுக். கொடுத்தால் சிவப்பில் ஒரு தட்டு, வாங்கினால் பச்சையில் ஒரு தட்டு; பாக்கி எவ்வளவு என்று வாடிக்கைக்காரர் போனுக்கே செய்தி போய்விடும். நோட்டு கடைக்காரரிடம் மட்டும் இருந்தது, இதில் பிரதி இருவரிடமும் இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் தட்டுகிற வேலை மனிதருடையதுதான். நம் கடைக்காரரும் அப்படி ஒரு செயலியை எட்டு மாதம் வைத்திருந்தார். ஒரு மாதக் கடைசியில், கடன் வைத்திருந்த ஓர் அம்மாவுக்குப் போகவேண்டிய நினைவூட்டல் அவர் கணவரின் போனுக்குப் போய்விட்டது. அந்த அம்மா பாக்கியைத் தீர்த்தார், அதற்குப் பிறகு கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நோட்டு மூடியிருக்கும், யாரிடமும் போய்ப் பேசாது. கடன் வாங்குகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அன்றுதான் உணர்ந்ததாகக் கடைக்காரர் சொன்னார்.

சரி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன, தெருக்கடைதானே என்று தோன்றலாம். 2025 ஜூலையில் பெங்களூர் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கர்நாடக வணிக வரித் துறை, 2021-22 முதலான யுபிஐ வரவுகளைப் பார்த்து, ஆயிரக்கணக்கான சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, காண்டிமென்ட்ஸ் கடை, டீக்கடை, காய்கறிக் கடை என்று எதுவும் தப்பவில்லை. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம், சேவை தருபவருக்கு 20 லட்சம். இதைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 40 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரியும். 365ஆல் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 11,000 ரூபாய்கூட இல்லை. பாலும் சிகரெட்டும் விற்கும் மூலைக்கடைக்கு அது சாதாரணம். விற்பனைதான் அது, லாபம் அல்ல.

சில நாட்களிலேயே க்யூஆர் அட்டைகள் கழன்றன. 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று கையால் எழுதிய காகிதங்கள் ஒட்டப்பட்டன. ஜூலை 25இல் கடையடைப்பு என்று அறிவித்தார்கள். 23ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா வணிகர்களோடு பேசினார். பழைய பாக்கி வரி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார். கடையடைப்பு கைவிடப்பட்டது.

அந்த நாட்களில் கடைக்காரர்கள் சொன்னதைக் கவனித்தேன். எங்கள் கணக்கில் விழுந்ததெல்லாம் விற்பனை இல்லை என்றார்கள். மச்சான் திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம், மகள் அனுப்பியது எல்லாம் அதில் கலந்திருந்தது. வரியே இல்லாத பாலும் காய்கறியும் இருந்தன. மார்ச்சில் கடனுக்குக் கொடுத்த அரிசிக்கு ஏப்ரலில் வந்த பணமும் இருந்தது. அது போன நிதியாண்டின் விற்பனை, வரவு மட்டும் இந்த நிதியாண்டு. சொன்னது நியாயம். ஆனால் காட்டுவதற்குக் கையில் என்ன இருந்தது? போன் தொகையைக் காட்டும். காரணத்தைக் காட்ட நோட்டு வேண்டும். நோட்டை ஒழுங்காக எழுதியவர்கள் நிமிர்ந்து பேசினார்கள்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1872ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்தில் 34ஆம் பிரிவு சொன்னது: தொழில் நடக்கும்போது முறையாக எழுதிவந்த கணக்கை நீதிமன்றம் பார்க்கும், ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும், 28ஆம் பிரிவாக, மின்னணுக் கணக்குகளுக்கும் சேர்த்து அதே விதி தொடர்கிறது. தனி நோட்டு போதாது. பக்கத்தில் வேறொரு சான்று நிற்கவேண்டும். வங்கி வரவு அப்படி நிற்கக்கூடிய சான்றுதான்.

நம் கடைக்காரர் இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லி முடிக்கிறேன். கல்லாவில் இரண்டு க்யூஆர் அட்டைகள் வைத்திருக்கிறார். ஒன்று அன்றைய வியாபாரத்துக்கு. இன்னொன்று மஞ்சள் அட்டை, அது பழைய பாக்கிக்கு மட்டும். "பாக்கி தனியா, பால் தனியா அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கைமாற்றுப் பணத்துக்கு வேறு வங்கிக் கணக்கு. ஒவ்வொரு யுபிஐ வரவுக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அதில் கடைசி நான்கை நோட்டில் கழித்த தொகைக்குப் பக்கத்தில் குறித்துவிடுகிறார். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கால் மணி நேரம். ஒரு கையில் போன், மறு கையில் பேனா. ஏற்றும் வேலை நடக்கிறது.

பாக்கி வைத்திருக்கும் எல்லோரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். யார் போனிலிருந்து பணம் வரும், திரையில் என்ன பெயர் தெரியும் என்று. பதினோரு வருடப் பழக்கத்துக்குப் பிறகு அந்த அக்காவிடமும் பெயர் கேட்டாராம். அக்கா வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னாராம். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். அக்காவின் பெயரும் மகனின் நீளப் பெயரும் சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கின்றன. மேலே, பெரிய எழுத்தில், பழைய தலைப்பு அப்படியே இருக்கிறது: பச்சை கேட் அக்கா.

அந்த கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்து மூன்று வருடம் ஆகிறது.